ஒரு செக்கனுக்கு நூறு தரம்

எங்கட அனெக்ஸில் நாலு பேர் இருக்கிறோம். ஒருவன் புவியியல், ஒருவன் தமிழ், ஒருவன் பொருளியல், ஒருவன் நாடகமும் அரங்கியலும். நாலு பேரும் கலைப்பீடம். ரவுட்டர் வேலை செய்யாவிட்டால் வயரைக் கழற்றி, பத்து எண்ணி, திருப்பிச் செருக வேண்டும். எங்களுக்குத் தெரிந்த கணினி விஞ்ஞானம் அவ்வளவுதான். ஆனால் போன செமஸ்ரரில் மூன்று கிழமையாக, லினக்ஸ் கேர்னல் ஒரு செக்கனை எத்தனை துண்டாக வெட்டுகிறது என்பதைத்தான் சாப்பாட்டு மேசையில் கதைத்துக்கொண்டிருந்தோம். அந்த மூன்று கிழமைக்குள் எங்களில் ஒருவனைக் கள்ளனாக்கியும் விட்டோம். இரண்டையும் எழுதி வைக்கவேண்டும் என்று நினைக்கிறோம்.

இணைப்பு ஒன்றுதான். மாதக் காசை நாலாகப் பிரித்துக் கட்டுகிறோம். செக்கனுக்கு 10 மெகாபிட் போல வரும். நாலு பேருக்கு அது காணும். அளவில் எங்களுக்குக் குறை இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவில்தான் இருந்தது.

புவியியல்காரனின் அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறா. வெள்ளிக்கிழமைதான் அவவுக்குக் கொஞ்சம் ஓய்வு. இரவு எட்டு மணி போல வட்ஸ்அப்பில் எடுப்பா. குரல் தெளிவாகத்தான் இருக்கும், ஆனால் பிந்தி வரும். இவன் "சாப்பிட்டியளோ அம்மா?" என்று கேட்பான். சத்தம் இல்லை. விளங்கவில்லையாக்கும் என்று திருப்பிக் கேட்கத் தொடங்க, முதல் கேள்விக்கான பதில் வந்து விழும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிற்பாட்டுவார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "நீங்க சொல்லுங்கோ", "நீ சொல்லு" என்பார்கள். இப்படியே ஐந்து நிமிடம் முட்டுப்பட்டு, கடைசியில் அவ சொல்லுவா: "சரியப்பன், உனக்கு வேலை இருக்கும், நான் வைக்கிறன்." அவனுக்கு ஒரு வேலையும் இருக்காது.

எட்டிலிருந்து ஒன்பது மணிவரை ஒருவரும் எதையும் தரவிறக்கக்கூடாது என்று முதலில் ஒரு சட்டம் போட்டோம். இரண்டு வெள்ளிக்கிழமைதான் நின்றது. நாங்கள் சும்மா இருந்தாலும் எங்கட போன்கள் சும்மா இருப்பதில்லை. ஏதாவது ஒன்று தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். யாருடைய போன் என்று தேடுவதே ஒரு சண்டை.

பொருளியல்காரனின் பெரியம்மாவின் மகன் கொழும்பில் நெற்வேர்க் வேலை செய்கிறார். அவரிடம் கேட்டோம். "உங்களுக்கு வேகம் காணாமல் இல்லை, வரிசை நீளமாக இருக்கு" என்றார்.

அவர் சொன்னது இதுதான். இணையத்தில் எதுவும் முழுதாக வருவதில்லை. பெரும்பாலும் 1500 பைட்டுக்கு மேற்படாத சின்னச் சின்னப் பொதிகளாக வருகிறது. வழியில் எங்கே பாதை ஒடுங்குகிறதோ அங்கே பொதிகள் வரிசையில் நிற்கும். ஒருவன் பெரிய வீடியோ ஒன்றை இறக்கினால், இணைப்பின் மற்ற முனையில் அவனுடைய பொதிகள் நூற்றுக்கணக்கில் குவிந்து நிற்கும். அம்மாவின் குரல் வரும் பொதி சின்னது. ஆனால் அதுவும் அந்த வரிசையின் வாலில்தான் நிற்கவேண்டும். பொதியைத் தொலைக்கக்கூடாது என்று கருவிகளுக்குள் நினைவகத்தைத் தாராளமாக வைத்துவிட்டதால் வரிசை செக்கன் கணக்கில் நீளும். ஜிம் கெற்றிஸ் என்ற பழுத்த அனுபவமுள்ள நிரலாளர் 2010இல் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டு பிடித்தார். அதற்கு 'பஃபர்புளோட்' என்று பெயரும் வைத்தார். பஃபர் வயிறு ஊதிப்போவது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நாங்களும் அளந்து பார்த்தோம். ஒருவரும் பாவிக்காதபோது ஒரு பொதி போய்த் திரும்ப 40 மில்லிசெக்கன் போல எடுத்தது. நாடகக்காரன் ஒரு வீடியோவை இறக்கத் தொடங்கியதும் அதே பயணம் ஒரு செக்கனைத் தாண்டியது. ஒன்றரைக்கும் போனது. அம்மாவும் மகனும் முட்டுப்பட்டது அந்த ஒன்றரைச் செக்கனில்தான்.

இதற்கு மருந்து உண்டு. வரிசை மற்ற முனையில் உருவாக விடாமல், எங்கட வீட்டுக்குள்ளேயே ஒரு பெட்டியை வைத்து, இணைப்பின் வேகத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு எல்லை போடவேண்டும். 10 வருகிறதென்றால் 8க்கு மேல் விடாமல் மறிக்கவேண்டும். அப்போது ஒடுங்கிய இடம் எங்கட பெட்டியாகிவிடும். வரிசையும் எங்கட கைக்குள் வரும். அதைக் குட்டையாக வைத்திருக்கலாம். மிஞ்சிய பொதிகளைப் பெட்டி கைவிட, அனுப்புகிறவரும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். அண்ணா தன்னிடம் சும்மா கிடந்த ஒரு பழைய ரவுட்டரைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டார். அதற்குள் லினக்ஸ் இருந்தது. கேர்னல் 2.4, இருபது வருசத்துக்கு முந்திய பரம்பரை.

மறிக்கும் வேலையைச் செய்வதற்கு 'டோக்கன் வாளி' என்ற முறை இருக்கிறது. லினக்ஸில் இதை எழுதியவர் அலெக்ஸி குஸ்நெற்சோவ் என்ற ரஷ்யர். ஒரு வாளிக்குள் டோக்கன்கள் சீராக விழுந்துகொண்டிருக்கும் என்று நினையுங்கள். ஒரு பைட் வெளியே போக ஒரு டோக்கன் கொடுக்கவேண்டும். டோக்கன் இல்லாவிட்டால் பொதி காத்து நிற்கும். வாளி நிரம்பினால் மேலதிகமாக விழுவது வழிந்து வீணாகும். ஆகவே நாங்கள் சொல்லவேண்டியது இரண்டு எண்கள். டோக்கன் எவ்வளவு வேகமாக விழவேண்டும்? வாளி எவ்வளவு பெரிது?

வேகத்தை 8 மெகாபிட் என்று போட்டோம். வாளிக்கு அண்ணா ஒரு அளவு சொல்லியிருந்தார். நாங்கள் அதைக் கேட்கவில்லை. வாளி பெரிதாக இருந்தால் யாராவது சேர்த்து வைத்து ஒரேயடியாக அள்ளிக்கொண்டு போகலாம் அல்லவா? சின்ன வாளிதான் கண்டிப்பு, கண்டிப்புத்தான் நீதி என்று எங்களுக்குள் ஒரு எண்ணம். ஒரு பொதி மட்டும் கொள்ளக்கூடியதாக 1600 பைட் என்று போட்டோம். போட்டதும் நாலு பேரும் கைகுடுத்துக்கொண்டோம்.

அடுத்த நாளிலிருந்து வீட்டில் நெட் இல்லை என்றே சொல்லலாம். அளந்தால் 1.1, 1.2 மெகாபிட். எட்டுக்குப் பதிலாக ஒன்று.

கருவியில் பிழை இருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. சட்டம் சரியாகப் போட்டாயிற்று, ஆகவே யாரோ ஒருவன் சட்டத்தை மீறுகிறான். யார்? நாடகக்காரன்தான். துறையின் நாடக விழா வீடியோவை அவன்தான் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய லப்டொப் இரவிரவாக மின்னிக்கொண்டு கிடக்கும். "நான் ஒண்டும் இறக்கேல்லையடா" என்றான். லப்டொப்பை மூடிக் காட்டினான். வேகம் மாறவில்லை. "அப்ப போனில இறக்கிறாய்" என்றோம். போனையும் நிற்பாட்டினான். அப்போதும் 1.1 தான். அதைக் கண்ட பிறகாவது நாங்கள் யோசித்திருக்கவேண்டும். நாங்களோ, அவன் ஏதோ புதிய கள்ளவழி கண்டுபிடித்துவிட்டான் என்றுதான் நினைத்தோம்.

அவன் சண்டை பிடிக்கவில்லை. அடுத்த மூன்று நாளும் காலையில் லப்டொப்பையும் எடுத்துக்கொண்டு கம்பஸுக்குப் போய், தன் போன் டேட்டாவில் வேலை செய்துவிட்டு இரவில் வந்து படுத்தான். டேட்டாவுக்கு எவ்வளவு போனது என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை.

அவன் இல்லாத மூன்று நாளும் வீட்டில் வேகம் 1.1 தான்.

முதலில் வெட்கப்பட்டது புவியியல்காரன். மழைவீழ்ச்சி அட்டவணை போட்டுப் பழகிய கை. ஒரு கொப்பியில் இரண்டு நிரல் கீறினான். ஒன்றில் நாங்கள் போடும் எல்லை, மற்றதில் கிடைக்கும் வேகம். எட்டு என்று போட்டால் 1.1. ஆறு என்று போட்டால் 1.1. நாலு என்றாலும், இரண்டு என்றாலும் அதே 1.1. எல்லையை ஒன்றுக்கு இறக்கியதும் சட்டென்று 0.6க்கு விழுந்தது. சாய்வாக இறங்கவேண்டிய கோடு படிக்கட்டாக இறங்குகிறது. "ஆள் களவெடுத்தா இப்பிடி வராது மச்சான். இதில ஏதோ எண்ணிக்கை இருக்கு" என்றான்.

தமிழ்க்காரன் கணக்குப் போட்டான். ஒரு பொதி 1500 பைட். எட்டால் பெருக்கினால் 12,000 பிட். பொதியின் தலைப்பு, முகவரி போன்றவற்றுக்குப் போவதையும் சேர்த்தால் எங்களுக்குக் கிடைத்தது செக்கனுக்கு 1.2 மெகாபிட், அதாவது 12 இலட்சம் பிட். 12 இலட்சத்தை 12 ஆயிரத்தால் பிரித்தால் 100. செக்கனுக்குச் சரியாக நூறு பொதி. எல்லையை ஒன்றுக்கு இறக்கியபோது 50 பொதி.

"நூறா? என்ன நூறு?" என்று அண்ணாவுக்குப் போன் எடுத்தோம். அவர் சிரித்தார். "அது கேர்னலின்ர மணி" என்றார்.

அவர் விளங்கப்படுத்தியதை எங்கட பாஷையில் சொல்கிறோம். கேர்னல் நேரத்தைத் தொடர்ச்சியாகப் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. ரவுட்டருக்குள் ஒரு மணி இருக்கிறது. குறித்த இடைவெளியில் அது அடிக்கும். அடிக்கும்போது கேர்னல் செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டு, நேரம் என்ன, யாரை எழுப்பவேண்டும், யாருடைய தவணை முடிந்தது என்று பார்க்கும். இரண்டு மணிக்கு நடுவில் என்ன நேரம் என்று கேட்டால், பழைய கேர்னலின் இந்தக் கணக்கில் அதற்கு விடை கிடையாது. கடைசி மணி அடித்த நேரம்தான் நேரம். ஒரு செக்கனுக்கு எத்தனை மணி என்பதைக் கேர்னலைக் கட்டும்போதே எழுதிவிடுவார்கள். அந்த எண்ணுக்கு ஹேர்ட்ஸ் என்பதன் சுருக்கத்தையே பெயராக வைத்திருக்கிறார்கள். எங்கட பழைய ரவுட்டரில் அது 100. அதாவது 10 மில்லிசெக்கனுக்கு ஒரு மணி.

இரண்டு மணிக்கு இடைப்பட்ட அந்தத் துண்டுக்கு லினக்ஸ்காரர் வைத்திருக்கும் பெயர் 'ஜிஃபி'. ஆங்கிலத்தில் சும்மா 'ஒரு நொடி' என்ற மாதிரியான பேச்சுச் சொல். தமிழ்க்காரனுக்கு இது பிடித்துப்போயிற்று. தொல்காப்பியம் மாத்திரையை அளப்பதும் கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் வைத்துத்தான். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அதற்கிடைப்பட்ட நீளங்கள் வாயில் வரலாம், ஆனால் அந்த எண்ணிக்கையில் வராது. கேர்னலுக்கு அரை மாத்திரையும் கிடையாது என்றான்.

இனி எங்கட வாளிக்கு வருவோம். டோக்கன் சீராகச் சொட்டுகிறது என்று சொன்னோமே, அது காகிதத்தில். உண்மையில் கேர்னல் மணி அடிக்கும்போதுதான் வாளிக்குள் ஊற்றும். 8 மெகாபிட் என்பது செக்கனுக்கு 10 இலட்சம் பைட். அதை நூறு மணிக்குப் பிரித்தால் ஒரு மணிக்கு 10,000 டோக்கன். எங்கட வாளி கொள்வதோ 1600. மணி அடிக்கிறது, 10,000 ஊற்றுகிறார்கள், 1600 நிற்கிறது, மிச்சம் வழிந்து போகிறது. ஒரு பொதி வெளியே போகிறது. அடுத்த பொதிக்கு டோக்கன் இல்லை, அடுத்த மணிவரை காத்திருக்கிறது. ஆறு என்று போட்டாலும் நாலு என்று போட்டாலும் இதே கதைதான். மணிக்கு ஒரு பொதி, செக்கனுக்கு நூறு.

ஒரு மெகாபிட் என்று போட்டபோது மணிக்கு 1250 டோக்கன்தான் விழுந்தது. ஒரு பொதிக்கு அது போதாது. இரண்டாவது மணியில் இன்னும் 1250 விழ, வாளி 1600இல் நிரம்பி மிச்சம் வழிந்தது. இரண்டு மணிக்கு ஒரு பொதி, செக்கனுக்கு ஐம்பது. படிக்கட்டின் இரண்டாவது படி அதுதான். கொப்பியில் இருந்த எல்லா எண்ணும் ஒன்றும் மிச்சமில்லாமல் பொருந்தியது. சரியான விடை கிடைத்தபோது இவ்வளவு அவமானம் எங்களுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

அண்ணா முதலே சொன்ன சூத்திரம் இப்போதுதான் விளங்கியது. வேகத்தை மணியின் எண்ணிக்கையால் பிரித்து, அதோடு ஒரு பொதியின் அளவைக் கூட்டு. வாளி அதைவிடச் சின்னதாக இருக்கக்கூடாது. எங்களுக்கு 10,000உம் 1500உம், 11,500. நாங்கள் 12,000 என்று போட்டோம். எந்தப் பொதியும் 50 மில்லிசெக்கனுக்கு மேல் வரிசையில் நிற்காதபடி வரிசையையும் வெட்டினோம். வேகம் ஏழரைக்கு ஏறியது. வீடியோ இறங்கும்போதும் போய்த் திரும்பும் நேரம் நூறு மில்லிசெக்கனைத் தாண்டவில்லை.

இதற்கும் ஒரு விலை இருக்கிறது. பெரிய வாளி என்றால் பொதிகள் ஒவ்வொன்றாகப் போகாது. மணி அடித்ததும் ஆறேழு பொதி ஒன்றாகப் பாயும், பிறகு 10 மில்லிசெக்கன் அமைதி, பிறகு திரும்பவும் பாயும். சராசரி பார்த்தால் 8 மெகாபிட். நெருங்கிப் பார்த்தால் வெள்ளமும் வரட்சியும் மாறி மாறி வருகிறது. குரல் அழைப்புகள் பொதுவாக 20 மில்லிசெக்கனுக்கு ஒரு பொதி அனுப்பும். பத்து முந்திப் பிந்தினால் காதுக்குத் தெரியாது. ஆனால் வாளியை 12,000இல் நிறுத்தாமல் ஒன்றிரண்டு இலட்சத்துக்குக் கொண்டுபோனால், எங்கட எல்லை பெயருக்குத்தான் இருக்கும். ஒரேயடியாகப் பாய்வதற்கு வழி திறந்து, வரிசை பழையபடி மற்ற முனைக்கே போய்விடும்.

மணியைக் கூட்டினால் என்ன? செக்கனுக்கு 1000 மணி என்றால் ஒவ்வொரு மணிக்கும் 1000 டோக்கன்தான். ஒரு பொதியைவிடச் சற்றுப் பெரிய வாளியே போதும், பொதிகளும் ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்று போகும். லினக்ஸிலும் இதைச் செய்து பார்த்தார்கள். வீட்டுக் கணினிகளில் நெடுங்காலம் 100 ஆக இருந்ததை 2.6 பதிப்பில் 1000 ஆக்கினார்கள். ஆனால் ஒவ்வொரு மணிக்கும் கணினி கைவேலையை நிறுத்தித் தலை நிமிர்த்திப் பார்க்கவேண்டும். செக்கனுக்கு ஆயிரம் தடவை நிமிர்ந்தால் வேலைக்கு நேரம் குறைகிறது, லப்டொப்பில் பற்றரி இறங்குகிறது. ஆகவே 2005இல், 2.6.13 பதிப்பில், 100, 250, 1000 என்று மூன்றில் ஒன்றைத் தெரிவுசெய்ய விட்டு, 250ஐ வழமையாக வைத்தார்கள். பிறகுதான் தோமஸ் கிளைக்ஸ்னர், இங்கோ மொல்நார் போன்றவர்களின் வேலையால் வேறு வழி வந்தது. குறித்த இடைவெளியில் மணி அடிப்பதை விட்டு, எப்போது எழும்பவேண்டுமோ அந்த நேரத்துக்கு மட்டும் நுணுக்கமாக அலாரம் வைப்பது. 2007இல் அது வீட்டுக் கணினிகளுக்கும் வந்தது. டோக்கன் வாளியும் பிறகு அந்த அலாரத்துக்கு மாறியது. இன்றைய கேர்னல் ஒன்றில் எங்களுக்கு வந்த படிக்கட்டு இப்படி வராது. எங்கட ரவுட்டர் அதற்கு முந்திய பிறவி.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பொருளியல்காரன், "இது எங்கட அப்பான்ர கியூஆர்" என்றான்.

அவனுடைய அப்பா ஓட்டோ ஓடுகிறார். 2022இல் எரிபொருள் இல்லாத காலத்தில் கியூஆர் முறை வந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். தொடக்கத்தில் கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். அதுவும் ஒரு டோக்கன் வாளிதான். கிழமைக்கு ஒருதரம் மணி அடிக்கும், வாளி நிரம்பும். எடுக்காமல் விட்டது அடுத்த கிழமைக்குச் சேராது. அவனுடைய அப்பாவுக்கு ஐந்து லீற்றர் இரண்டு நாளில் முடிந்துவிடும். பிறகு ஓட்டோ முற்றத்தில் நிற்கும். கிழமையின் மிச்ச நாளில் வருத்தக்காரரை ஏற்றச் சொல்லிக் கேட்டு வந்தாலும் போக வழியில்லை. கணக்கில் பார்த்தால் ஓட்டோவுக்கு மோட்டார் சைக்கிளைவிட ஒரு லீற்றர் கூடத்தான். ஆனால் வேலைக்குப் போய்வர மட்டும் சைக்கிள் ஓடுகிறவருக்கும், நாள் முழுக்க ஓடிச் சீவிக்கிறவருக்கும் ஒரு கிழமை என்பது ஒரே நீளம் இல்லை.

அப்படியென்றால் நாளுக்கு ஒருதரம் கொடுத்திருக்கலாமா? நாலு லீற்றரை ஏழாகப் பிரித்தால் நாளுக்கு 570 மில்லிலீற்றர் போல வரும். அதற்காக ஒவ்வொரு நாளும் பெற்றோல் செட்டில் போய் நிற்கவேண்டும். நிற்கிற நேரத்திலேயே நாள் போய்விடும். ஆயிரம் மணி அடிக்கிற கேர்னலுக்கு வந்த கரைச்சலும் அதுதான். அடிக்கடி எண்ணினால் எண்ணுவதற்கே செலவாகும். அரிதாக எண்ணினால், எண்ணாத இடைவெளியில் யாரோ ஒருவன் காய்ந்து போவான். அந்தக் காலத்தில் எத்தனை லீற்றர் என்றுதான் எல்லோரும் சண்டை பிடித்தோம். எத்தனை நாளுக்கு ஒருதரம் என்று கேட்டவர்கள் எங்களுக்குத் தெரிந்து குறைவு. எங்கட வீட்டிலும் அப்படித்தானே. ஆளுக்கு எவ்வளவு என்று மூன்று கிழமை அடிபட்டோம், மணி எத்தனை என்று ஒருவரும் கேட்கவில்லை.

நாடகக்காரனிடம் மன்னிப்புக் கேட்பது, கணக்குப் போட்டதைவிடக் கஷ்டமாக இருந்தது. கொப்பியை நீட்டி, படிக்கட்டைக் காட்டி, ஜிஃபி, வாளி எல்லாம் விளங்கப்படுத்தினோம். பொறுமையாகக் கேட்டான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "நான் இல்லாத மூண்டு நாளும் இதே வேகம்தானே இருந்தது. முதல் நாளே அது உங்களுக்குத் தெரியேல்லையோ?"

தெரிந்திருந்தது. இந்தக் கட்டுரையில் எழுத எங்களுக்கு மிகவும் கஷ்டமான வரி இதுதான். முதல் நாள் மாலையே அளந்தோம், 1.1 என்று கண்டோம், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டோம். கருவிக்குப் பதிலாக ஆளைப் பிடிப்பது சுகம். ஆளுக்கு முகம் இருக்கிறது, கேட்டால் பதில் சொல்வான், பதில் பிடிக்காவிட்டால் கோபிக்கலாம். 10 மில்லிசெக்கன் இடைவெளியோடு யார் கோபிப்பது? நாங்கள் போட்ட சட்டம் பிழைத்துப்போனது என்று ஒப்புக்கொள்வதைவிட, சட்டத்தை மீற ஒருவன் இருக்கிறான் என்று நம்புவது எங்களுக்கு லேசாக இருந்தது. அந்தச் சின்ன வாளியைத் தெரிவுசெய்ததும் நாங்கள்தான். கண்டிப்பு என்று நினைத்துச் செய்தது, நாலு பேரின் பங்கையும் நிலத்தில் ஊற்றியது.

அவனுக்கு அந்த மூன்று நாளில் டேட்டாவுக்குப் போன காசை மூன்று பேரும் பிரித்துக் கொடுத்தோம். முதலில் வேண்டாம் என்றான், பிறகு வாங்கிக்கொண்டான். வாங்கியதுதான் எங்களுக்கு ஆறுதல்.

ரவுட்டரின் மேல் இப்போது ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது. அதில் மூன்று எண்கள்: எல்லை, வாளி, மணி. யாருக்காவது வேகம் குறைந்தால் முதலில் அந்த மூன்றையும் பார்க்கவேண்டும், ஆளைப் பார்ப்பது கடைசியில் என்பது புதிய சட்டம். இதுவரை கடைசிக்குப் போகவேண்டி வரவில்லை.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு அம்மா எடுக்கிறா. நாடகக்காரன் பக்கத்து அறையில் வீடியோ ஏதோ இறக்கிக்கொண்டிருப்பான். கதை முட்டுப்படுவதில்லை. போன கிழமை அம்மாவும் மகனும் அரை மணித்தியாலம் நல்லாகச் சண்டை பிடித்தார்கள், அவன் தலைமயிர் வெட்டாததைப் பற்றி. ஒருவர் சொல்லி முடிக்க முதல் மற்றவர் குறுக்கே விழுந்து, அதற்கு அவர் உடனே திருப்பிக் கொடுத்து. ஒன்றரைச் செக்கன் பிந்திய காலத்தில் அவர்களால் சண்டைகூடப் பிடிக்க முடிந்ததில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.